காட்டுத் தீயின் முன் நிற்பவர்களுக்குக் கடலூர், புதுச்சேரியிலிருந்து ஒரு திறந்த மடல்

கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும், தேனி, கொடைக்கானல், நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளிலும் பணியில் இருக்கும் தீத்தடுப்புக் காவலர்களுக்கும், வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும், வனக்காப்பாளர்களுக்கும், வனவர்களுக்கும் வணக்கம்.

எங்களில் தீயணைப்பு நிலையங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். வனத்துறையில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரித் தோப்பும் கடலோரத்தில் சவுக்குத் தோப்பும் வைத்திருப்பவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் சொல்லிக்கொள்ளும்படி மலை இல்லை. ஆனால் கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுக்தாறு விருத்தாசலத்தைத் தொட்டு வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. சாத்தனூர் அணையைத் தாண்டி வரும் தென்பெண்ணை எங்கள் வாசலில்தான் கடலில் விழுகிறது. மலைச்சரிவில் புல்லும் சருகும் எரிந்து மண் வெறுமையானால், அடுத்த பெருமழையில் அந்த மண்ணும் சாம்பலும் இறங்கி வருவது இந்த ஆறுகள் வழியாகத்தான். நீங்கள் பிப்ரவரியில் செய்யும் வேலையின் பலன் நவம்பரில் எங்களுக்கு வந்து சேர்கிறது. கடன்பட்டவர்கள் என்ற முறையில்தான் எழுதுகிறோம்.

உங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோர் வாயிலும் முதலில் வருவது 'உயிரைப் பணயம் வைத்து' என்ற சொற்கள். நாங்கள் அவற்றை வேண்டுமென்றே தவிர்க்கிறோம். உயிரைப் பணயம் வைப்பவரைத்தான் ஊர் கொண்டாடும் என்றால், காற்று மாறியதைப் பார்த்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிய வனவர் கோழையாகத் தெரிவார். இன்னும் ஐம்பது ஏக்கர் போனால் போகட்டும் என்று முடிவெடுத்து, தன்னோடு வந்த அத்தனை பேரையும் முழுசாக வீடு சேர்த்தவருக்குத்தான் எங்கள் முதல் வணக்கம். எரிந்த புல் ஒரு மழையில் துளிர்த்துவிடும்.

கீழே எழுதுவதில் பலவும் உங்கள் கைப்பழக்கத்தில் இருப்பவை. மடல் திறந்திருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களும் அதிகாரிகளும் படிப்பார்கள். அவர்களுக்காகவே விரித்து எழுதுகிறோம்.

தீயணைப்பு என்றதும் நகரத்தில் இருப்பவர்களுக்குச் சிவப்பு வண்டியும் குழாயும் நினைவுக்கு வரும். சாதாரணத் தீயணைப்பு வண்டி ஒன்று 4,500 லிட்டர் தண்ணீர் சுமக்கும். சாலை முடியும் இடத்தில் அதன் வேலையும் முடிந்துவிடும். அதற்கு மேலே இரண்டு மணி நேரம் நடந்து போகிற இடத்தில் தண்ணீர் என்பது அவரவர் முதுகில் போகிற தண்ணீர் மட்டுமே; தெளிப்பானில் 16 லிட்டர், 20 லிட்டர் கொண்டுபோனால் அதுவே பெரிது. ஆகவே காட்டுத் தீயை அணைப்பதில் முக்கால்வாசி வேலை, தீக்கு எரிபொருள் கிடைக்காமல் செய்வதுதான். அந்த வேலை தீ பிடிப்பதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. யாரும் படம் எடுக்காத வேலை அது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரியில் புல் மஞ்சளாகத் தொடங்கியதும் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறீர்கள். நடைபாதையை ஒட்டி 3 மீட்டர் அகலம் போதும் என்றால், சாலையோரத்திலும் காப்புக்காட்டு எல்லையிலும் 6, 10 மீட்டர் என்று விரியும். உயரப் புல்லும் உண்ணிச்செடியும் மண்டிய இடத்தில் அதுவும் போதாது. முதலில் அரிவாளால் புதர், பிறகு புல். வெட்டியதைச் சில நாள் காயவிட்டு, கோட்டின் நடுவுக்கு வாரிக் குவித்து, விடியற்காலைப் பனி இன்னும் இருக்கும்போதே, காற்று எழுவதற்குள் எரித்து முடிக்க வேண்டும். இரண்டு ஓரத்திலும் பச்சைத்தழையோடு ஆட்கள் நிற்க வேண்டும். குவியலைக் காட்டுப் பக்கம் ஒதுக்கிவிட்டால், பின்னால் வரும் தீக்கு நாமே விறகு அடுக்கி வைத்ததாகிவிடும். கோட்டுக்குக் குறுக்கே ஒரு காய்ந்த மரம் விழுந்து கிடந்தால் அதுவே பாலம். சீக்கிரம் வெட்டினால் மீண்டும் முளைக்கும்; தாமதித்தால் கோட்டை எரிக்கப் போட்ட தீயே கை மீறும்.

இதில் வெளியாட்கள் அறியாத ஒன்று, அந்தக் கோடு ஒரு முறை வெட்டினால் தீர்ந்துபோகிற வேலை இல்லை என்பது. தேக்கும் மற்ற இலையுதிர் மரங்களும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலையைக் கொட்டும். ஜனவரியில் பளிச்சென்று மண் தெரிந்த கோடு, மார்ச்சில் கணுக்கால் அளவு சருகில் மூடிக் கிடக்கும். மறுபடி பெருக்க வேண்டும், மறுபடியும் பெருக்க வேண்டும். இப்போது பல இடங்களில் முதுகில் மாட்டிக்கொண்டு சருகை ஊதித் தள்ளும் ப்ளோயர் வந்திருப்பது நல்ல செய்தி. காய்ந்த சருகில் அது பல பேர் வேலையைச் செய்யும். ஆனால் 10 கிலோ எடையும், காதைக் கிழிக்கும் சத்தமும், அருகில் இருப்பவர் கூப்பிட்டாலும் கேட்காத நிலையும் அதோடு சேர்ந்து வருகின்றன. ஈரச் சருகில் அது பயன்படாது. எரியும் ஓரத்தில் கோணம் தவறிப் பிடித்தால் தீக்கங்குகளை எரியாத பக்கம் ஊதிவிடும். சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் சிந்தினால் ஆளே பற்றிக்கொள்வார். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, மண் தெரியும் இடத்தில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

தீ பிடித்த செய்தியைச் செயற்கைக்கோள் உடனுக்குடன் சொல்லிவிடும் என்று ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீ எச்சரிக்கை தருகிறது. மோடிஸ் கருவி 1 கிலோமீட்டர் கட்டத்திலும், விர்ஸ் கருவி 375 மீட்டர் கட்டத்திலும் வெப்பத்தைப் பார்க்கின்றன. செய்தி கைப்பேசிக்கு வந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விர்ஸ் கருவியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே கடப்பது ஏறக்குறையப் பகல் ஒன்றரைக்கும் இரவு ஒன்றரைக்கும். மாலை 3 மணிக்குப் பற்றிய தீயை இரவில்தான் வானத்திலிருந்து பார்க்க முடியும். மேகம் மூடினால் அதுவும் இல்லை. அடர்ந்த மரத்தடியில் ஊர்ந்து போகும் சருகுத் தீயும் தப்பிவிடலாம். நடுவில் உள்ள அந்தப் பல மணி நேரத்தை நிரப்புவது, பாறை மேலோ கண்காணிப்புக் கோபுரத்திலோ உட்கார்ந்து புகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களில் ஒருவர்தான். புல் எரிந்தால் புகை வெளுப்பு. புதரும் பச்சையும் சேர்ந்து கடுமையாக எரிந்தால் கறுக்கும். புகை நேராக எழுகிறதா சாய்ந்து ஓடுகிறதா என்பதிலேயே பாதிக் கணக்கு கிடைத்துவிடுகிறது.

அடுத்து வரும் கணக்குகள்தான் உயிர்க் கணக்குகள். சரிவு 10 டிகிரி கூடினால், மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சமதளத்தில் ஒரு மடங்கு என்றால் 20 டிகிரியில் நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. மேலே உள்ள புல்லைத் தழல் தொடுவதற்கு முன்பே அதன் வெப்பம் காய்ச்சி வைத்துவிடுவதே காரணம். மனிதருக்கோ சரிவு கூடக் கூட வேகம் குறைகிறது. இந்த இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் மரணங்கள் நடந்திருக்கின்றன. 6 மில்லிமீட்டருக்கும் மெல்லிய புல், சருகு எல்லாம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப ஒரு மணி நேரத்திலேயே மாறிவிடும். காலை எட்டு மணிக்குத் தீக்குச்சி கிழித்தாலும் பற்றாத புல், பகல் ஒரு மணிக்கு வெடித்துப் பரவும். ஒரே மலை, ஒரே நாள். காலையில் பார்த்ததை வைத்து மதியம் முடிவெடுக்கக் கூடாது.

தழல் 1.2 மீட்டர் நீளம் வரை இருந்தால் கைக்கருவியோடு ஓரத்தில் நின்று அடிக்கலாம். அதற்கு மேல் 2.4 மீட்டர் வரை இயந்திரமோ நல்ல அழுத்தத்தில் தண்ணீரோ வேண்டும். அதையும் தாண்டினால் எந்தக் கருவியோடும் நேருக்கு நேர் போகக் கூடாது. விலகிப் போய்ப் பாதையையோ ஓடையையோ பிடித்துக்கொண்டு கோடு போட வேண்டும். நம் காடுகளில் இடுப்பளவு காய்ந்த எலுமிச்சைப் புல் காற்றோடு எரிந்தால் தழல் ஆளுயரத்தைத் தாண்டும். பச்சைத்தழைக் கொத்தோடு அதை எதிர்கொள்ள யாரையும் அனுப்புவது நியாயமில்லை. அனுப்பினாலும் போக மறுப்பது உங்கள் உரிமை என்று நாங்கள் வெளிப்படையாகச் சொல்கிறோம்.

தீக்கு முன்னேறும் பக்கம் தலை உண்டு, இரு ஓரங்களில் விலா உண்டு, பின்பக்கம் வால் உண்டு. அனுபவமுள்ள குழு வாலிலிருந்துதான் தொடங்கும். ஏற்கெனவே எரிந்து முடிந்த இடமோ பாறையோ சாலையோ முதுகுக்குப் பின்னால் இருக்க, அங்கிருந்து விலாவோடு நகர்ந்து, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுக்கும். ஒரு கால் எப்போதும் கரியில் என்பது உலகம் முழுவதும் காட்டுத் தீக்குழுக்கள் வைத்திருக்கும் விதி. எரிந்த தரை மீண்டும் எரியாது. ஆனால் அது முழுக்க எரிந்த கரியாக இருக்க வேண்டும். தரைச் சருகு மட்டும் எரிந்து, மேலே உண்ணிச்செடி வாடி நின்றால் அது பாதுகாப்பான இடம் இல்லை. காய்ந்துபோன அந்த இலையில் இன்னொரு தீ வரும். அமெரிக்காவின் கொலராடோவில் 1994 ஜூலை 6 அன்று 14 தீயணைப்பாளர்கள் இறந்த மலைச்சரிவில், அடியில் மட்டும் எரிந்து மேலே வாடி நின்ற ஓக் புதர்கள்தான் மறுபடி பற்றின.

மலையில் இன்னொரு பொறி உண்டு. எரியும் கட்டையும் மூங்கில் தூரும் உருண்டு கீழே போய், குழு நிற்கும் இடத்துக்கு அடியில் புதுத் தீ வைத்துவிடும். அப்போது மேலேயும் தீ, கீழேயும் தீ. இதற்காகத்தான் சரிவில் தீக்குக் கீழே போடும் கோட்டை வெறுமனே சுரண்டாமல், உருண்டு வருவது தங்கும்படி வாய்க்கால் போலக் குழித்து, தோண்டிய மண்ணைக் கீழ்ப்புறம் வரப்பாக ஏற்றுகிறீர்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும் வேலை அது. அவசரப்படுத்தும் அதிகாரி யாராக இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுத்துதான் ஆக வேண்டும்.

காற்றைப் பற்றி எங்கள் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஏப்ரல், மே மாதங்களில் காலையில் வறண்ட மேல்காற்று அடிக்கும். பகல் 12 மணிக்கு மேல் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் திசை நேர் எதிராகத் திரும்பும். முந்திரித் தோப்பில் காலையில் கிழக்கே ஓடிய சருகுத் தீ, கடற்காற்று வந்ததும் மேற்கே திரும்புகிறது. அதுவரை வாலாகவும் விலாவாகவும் அமைதியாக இருந்த நீளமான ஓரம் முழுவதும் ஒரே நேரத்தில் தலையாகிவிடும். மலையில் இதே திருப்பம் வேறு காரணங்களால் வருகிறது. பகலில் சரிவு சூடேறிக் காற்று மேலேறும். மாலையில் குளிர்ந்து கீழிறங்கும். கோடை இடிமழை மேகம் ஒன்று பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று எந்தத் திசையிலும் பாயும். அரிசோனாவின் யார்னெல் மலையில் 2013 ஜூன் 30 அன்று அப்படி ஒரு காற்றுத் திருப்பத்தில் 19 பேர் இறந்தார்கள். தேர்ந்த பயிற்சி பெற்ற குழு அது. பாதுகாப்பான கரியை விட்டு, எரியாத புதர் நிறைந்த பள்ளத்துக்குள் இறங்கிய வேளையில் தீ அவர்களை எட்டிவிட்டது.

நமக்கு அருகிலும் நடந்திருக்கிறது. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் தேசமங்கலம் அருகே கொட்டம்பத்தூரில் 2020 பிப்ரவரி 16 அன்று மூன்று வனக் காவலர்கள் தீயில் சிக்கி இறந்தார்கள். உத்தரகாண்டின் பின்சரில் 2024 ஜூன் 13 அன்று நான்கு வனப் பணியாளர்கள் ஒரே நாளில் இறந்தார்கள். குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேற வந்தவர்களைத் தீ சூழ்ந்ததை நம் மாநிலம் மறக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். அன்று இருட்டில் அந்தச் சரிவில் ஏறி, காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தவர்களில் வனப் பணியாளர்களும் தீயணைப்பு வீரர்களும் மலைக்கிராமத்து மக்களும் இருந்தார்கள்.

1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானாவில் 'மேன் கல்ச்' (Mann Gulch) என்ற பள்ளத்தாக்கில் நடந்ததைத் தீப்பணி கற்பவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். புல்சரிவில் துரத்தி வந்த தீக்கு முன் 16 பேர் மேலே ஓடினார்கள். குழுத் தலைவர் தனக்கு முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, அது எரிந்து முடிந்த சாம்பலில் முகம் புதைத்துப் படுத்தார். மற்றவர்களையும் உள்ளே கூப்பிட்டார். அவர் பிழைத்தார். மேலே ஓடியவர்களில் இருவர் மட்டும் ஒரு பாறை இடுக்கு வழியே தப்பினார்கள். 13 பேர் இறந்தார்கள். அப்படி ஒரு உத்தியை அவர்கள் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. ஆபத்தின் நடுவில் புதிதாகச் சொல்லப்பட்டதை நம்ப முடியவில்லை. பயிற்சி என்பது எதற்கு என்று கேட்கும் எவருக்கும் இதைக் காட்டலாம். 'கருவியைக் கீழே போட்டுவிட்டு ஓடு' என்ற கட்டளையைக்கூட முன்பே பழகியிருக்க வேண்டும். அரசுப் பொருளைத் தொலைத்தால் கணக்குக் கேட்பார்களே என்று ஒரு காவலர் அரிவாளையும் தெளிப்பானையும் தூக்கிக்கொண்டு சரிவில் ஓடும் நிலை வரவே கூடாது.

அமெரிக்கத் தீயணைப்பாளர் பால் க்ளீசன் 1991-ல் இந்தப் பாடங்களை நான்காகச் சுருக்கினார்: பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள், எல்லோருக்கும் கேட்கும் தொடர்பு, தப்பிக்கும் வழி, போய் நிற்கப் பாதுகாப்பான இடம். நான்கும் உறுதியான பிறகே முதல் வெட்டு. பாதுகாப்பான இடத்துக்கு ஓர் அளவும் உண்டு. காற்றில்லாத சமதளத்தில், தழலின் உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரம் தீயிலிருந்து விலகி நிற்க வேண்டும். தழல் 3 மீட்டர் என்றால் எல்லாப் பக்கமும் 12 மீட்டர். சரிவும் காற்றும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். குழுவில் பத்துப் பேர் இருக்கிறார்கள், ஒருவரைச் சும்மா நிறுத்தி வேடிக்கை பார்க்கச் சொல்வதா என்று யாராவது கேட்டால், அந்தப் பத்தில் மிக முக்கியமான ஆள் அவர்தான் என்று சொல்லுங்கள்.

எதிர்த்தீ வைப்பது இந்தத் தொழிலின் உச்சத் திறமை என்று நினைக்கிறோம். கோட்டின் உள்ஓரத்தில் தீ வைத்து, வரும் தீக்கு முன்பாகவே இடைப்பட்ட எரிபொருளைத் தீர்த்துவிடுவது. பெரிய தீ அருகே வரும்போது அது காற்றைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பு கிடைத்தால் எதிர்த்தீ அதை நோக்கி ஓடும். முந்திக்கொண்டால் இழுப்பு இருக்காது, வைத்த தீ நம் பக்கமே சாயும். பிந்தினால் கோடே மிஞ்சாது. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி உறுதி செய்யாமல் வைக்கவே கூடாது. இவ்வளவையும் புகைக்குள் நின்று, சில நிமிடங்களில், தன் பொறுப்பில் முடிவு செய்கிறார் ஒரு வனவர்.

உடம்புக்கு வருவோம். அமெரிக்காவில் காட்டுத் தீயணைப்பாளர்களிடம் எடுத்த அளவீடுகளில் ஒரு நாள் வேலைக்கு 4,000 முதல் 6,000 கலோரி வரை செலவாவது தெரிந்தது. அங்கே பணியில் சேரவே 20 கிலோ சுமையோடு 4.8 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடந்து காட்ட வேண்டும். தீ முன் வேலை செய்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் உப்பு குறைந்து தசை பிடிக்கும், தலை சுற்றும். ஆனால் நம்மிடம் பல குழுக்கள் இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு பொட்டலம் சோறுமாக ஏறுகின்றன. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு முதலில் தலைவலியாகவும் பிறகு மந்தமாகவும் வரும். ஆபத்தைக் கணிக்க வேண்டிய மூளையையே அது மழுங்கடிக்கிறது என்பதுதான் அதில் கொடுமை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்புத் தொழிலே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று 2022-ல் முதல் வகையில் சேர்த்தது. தினக்கூலியில் ஒரு பருவம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் காவலருக்கு ஐந்து வருடம் கழித்து இருமல் வந்தால், அது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

தழல் அடங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று வெளியில் நினைக்கிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு நீங்கள் ஓரம் முழுவதும் நடந்து, புறங்கையைத் தரைக்கு அருகே கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறீர்கள். அடிமரத்துக்குள்ளும் வேருக்குள்ளும் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். மேலே சாம்பல், கீழே குழி. கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். அடி எரிந்து நிற்கும் மரம் சத்தமில்லாமல் சாயும். இருட்டில், தீக்கு வெருண்ட யானையும் கரடியும் அதே பாதையில் வரும். இத்தனைக்கும் நடுவில் ஒவ்வொரு கட்டையையும் புரட்டி, மண் போட்டு, மீண்டும் தொட்டுப் பார்க்கிறீர்கள். இந்தப் பொறுமையான வேலை நடக்காத இடத்தில்தான் மறுநாள் மதியக் காற்றில் அதே தீ மறுபடி எழுகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகிறவர்களும், விடுமுறைக்கு ஏற்காடு, கொடைக்கானல் ஏறுகிறவர்களும் நம்மில் ஏராளம். பிப்ரவரி முதல் மே வரை மலையில் சமைக்க வேண்டாம், புகைக்க வேண்டாம், கற்பூரத்தை ஏற்றிவிட்டு அப்படியே நகர வேண்டாம். தீக்காலத்தில் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடினால், அதற்குப் பின்னால் குரங்கணி இருக்கிறது. காப்புக்காட்டில் தீ வைப்பது தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன் படி குற்றம். தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: முந்திரி பொறுக்கத் தரையைச் சுத்தம் செய்யும்போது சருகை எரிக்காமல் மரத்தடியில் மூடாக்காகவோ உரக்குழியிலோ போடுங்கள். எரித்தே ஆக வேண்டுமென்றால், காலைப் பனியில், சிறு குவியலாக, சுற்றிலும் 3 மீட்டர் மண் தெரிய வழித்து, கடற்காற்று எழுவதற்கு வெகு முன்பே தண்ணீர் ஊற்றிக் கிளறி முடியுங்கள். சவுக்குத் தோப்பில் ஊசியிலை மெத்தைக்கு அடியில் கங்கு மணலோடு ஊர்ந்து போகும்; மேலே ஊற்றுகிற தண்ணீர் அதற்குப் போதாது, தோண்ட வேண்டும். நம் ஊர்த் தீக்கு ஓடாத தீயணைப்பு வண்டி, கல்வராயன் மலையடிவாரத்துக்குப் போகத் தயாராக நிலையத்தில் நிற்கும்.

வனத்துறைக்கும் அரசுக்கும் எங்கள் வேண்டுகோள்கள் சில. பாராட்டுப் பத்திரம் கொடுங்கள். அதற்கு முன் பருத்திச் சட்டையும் பருத்திக் கால்சட்டையும் கொடுங்கள். பாலியஸ்டர் 250 டிகிரி வாக்கில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். தீப்பிடிக்காத அராமிட் துணி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. தோல் கையுறை, கண்ணாடி, தலைக்கவசம், கணுக்காலை மூடும் தோல் காலணி. ரப்பர் செருப்போடு சூடான சாம்பலில் நடக்கும் காவலர் இந்த மாநிலத்தில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வாக்கிடாக்கி, ஒன்று தீயைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளிடம், ஒன்று தலைவரிடம். கைப்பேசி சிக்னலை நம்பி யாரையும் சரிவுக்குள் அனுப்பக் கூடாது. ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலமும். தீக்காலத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என மருத்துவப் பரிசோதனை, நுரையீரல் சோதனையோடு. அதன் பதிவு காவலர் கையிலும் இருக்க வேண்டும். தினக்கூலியோ தொகுப்பூதியமோ, தீப்பணியில் இறந்தாலும் காயமடைந்தாலும் நிரந்தரப் பணியாளருக்குக் கிடைக்கும் அதே இழப்பீடு. உங்களில் பெரும்பாலோர் மலையாளி, இருளர், குறும்பர், பணியர் என்ற பழங்குடிக் குடும்பங்களிலிருந்து வருகிறீர்கள். எந்தச் சரிவில் எந்தப் புல், எந்த மாதம் எந்தக் காற்று என்பதை எந்த வரைபடத்தையும்விட நன்றாக அறிந்தவர்கள். தீத்திட்டம் போடும் கூட்டத்தில் உங்களுக்கு நாற்காலி வேண்டும். 'இன்று இறங்கக் கூடாது' என்று நீங்கள் சொன்னால் அது குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். அப்படிச் சொன்னதற்காக யாருக்கும் அடுத்த பருவத்தில் வேலை மறுக்கப்படக் கூடாது.

இவை எதுவும் பிப்ரவரியில் தொடங்கினால் நடக்காது. டெண்டர், கொள்முதல், பங்கீடு எல்லாம் அக்டோபரில் தொடங்க வேண்டும். காலணி அளவை ஒவ்வொருவர் காலிலும் வைத்து எடுத்து, டிசம்பர் முதல் வாரத்துக்குள் கையில் கொடுத்துவிடுங்கள். புதுத் தோல் காலணி பழகச் சில வாரங்கள் பிடிக்கும். கோடு வெட்டும் ஜனவரியிலேயே அதைப் போட்டு நடந்திருந்தால்தான், மார்ச் மாதச் சரிவில் அது காலைக் கடிக்காது.

அன்போடும் நன்றியோடும்,
கடலூர், புதுச்சேரியிலிருந்து
ஓய்வு பெற்ற தீயணைப்பு, வனப் பணியாளர்களும் முந்திரி, சவுக்கு விவசாயிகளும்